கட்டியை எடுத்த பிறகும் மருந்து ஏன்?

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

1823-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளிக்கூடம்தான் இதற்கு வேர். 1964-ல் நேருவின் பெயரைப் பெற்றது. இங்கே புற்று நோய்க்கென்று தனிப் பிரிவு உண்டு. கடலூர், விழுப்புரத்தில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

இப்படி வந்த இரண்டு பேருக்கும் பெருங்குடலில் புற்று என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆபரேஷன் நன்றாக முடிந்தது.

ஒருவரிடம் டாக்டர், "வீட்டுக்குப் போகலாம். சொன்ன நாளில் வந்து காட்டுங்கள்" என்கிறார்.

மற்றவரிடம், "இனிமேல் கீமோ மருந்து ஏற்ற வேண்டும்" என்கிறார்.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே ஐயா! இன்னும் எதற்கு மருந்து?" என்று வீட்டார் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான்.

முடிச்சில் இருக்கிறது விடை

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அதுபோன்ற சிறு முடிச்சுகள் குடலை ஒட்டியும் இருக்கின்றன. புற்று வெளியே பரவினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய்த் தங்கும்.

ஆகவே, குடலோடு அந்த முடிச்சுகளையும் எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்க்க வேண்டும்.

புற்று குடல் சுவருக்குள்ளேயே நின்றிருந்தால், அது முதல் நிலை. கீமோ வேண்டாம்.

சுவரின் தசையைத் தாண்டியும் முடிச்சுக்குப் போகவில்லை என்றால், இரண்டாம் நிலை. இவர்களில் பலருக்குக் கீமோவால் கிடைக்கும் லாபம் சொற்பம். குடல் அடைத்தோ, ஓட்டை விழுந்தோ ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் போன்ற, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு டாக்டர் அதைப் பற்றி யோசிப்பார்.

ஒரு முடிச்சில் புற்று இருந்தாலும் மூன்றாம் நிலைதான். கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் உடம்பில் எங்கேனும் ஒளிந்திருக்கலாம். கத்தி அவற்றைத் தொட முடியாது. ரத்தத்தோடு போகும் மருந்து தொடும்.

கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால் நான்காம் நிலை. அதற்கு வைத்திய முறையே வேறு.

பூச்சி மருந்தும் சேர்ந்தது

1957-ல் அமெரிக்காவில் ஹைடல்பெர்கர் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 'புளோரோயுராசில்' என்ற மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள்.

அதோடு ஒரு பூச்சி மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வேடிக்கைதான்! ஆனால் மூன்றாம் நிலை நோயாளிகளிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1990-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

பிறகு பூச்சி மருந்து கைவிடப்பட்டது. 2004-ல் 'ஆக்சாலிபிளாட்டின்' சேர்ந்தது. இது நரம்பைத் தாக்கும். ஐஸ் தண்ணீரைத் தொட்டால் விரல் சுரீர் என்னும்.

முன்பெல்லாம் ஆறு மாதம் மருந்து. மூன்றாம் நிலையிலும் பலருக்கு மூன்று மாதமே போதும் என்று 2018-ல் வெளியான ஆராய்ச்சி சொன்னது. சுமார் 12,800 நோயாளிகளைப் பார்த்துச் சொன்ன முடிவு அது.

தள்ளிப் போடலாமா?

"உடம்பு தேறட்டும், பொங்கல் கழியட்டும்" என்று சிலர் நாளைக் கடத்துகிறார்கள். ஆபரேஷன் ஆகி எட்டு வாரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. அதற்கு மேல் போகப் போகப் பலன் குறையும்.

மருந்து ஏறும் நாட்களில் வாய்ப்புண், பேதி வரலாம். காய்ச்சல் வந்தால் மட்டும் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சதைப் பரிசோதனைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.