தரையில் உட்கார்ந்த தலைவர்

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி மன்றக் கூட்டத்தில் எடுத்த ஒரு புகைப்படம், 2020 அக்டோபரில் தமிழ்நாட்டையே உலுக்கியது. துணைத் தலைவருக்கு நாற்காலி, உறுப்பினர்கள் பலருக்கும் நாற்காலி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், ஆதிதிராவிடர் சமூகப் பெண், தரையில் உட்கார்ந்திருந்தார். படம் வெளியே வராமல் போயிருந்தால் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் அவருக்குத் தரைதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவரைப் பள்ளியில் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். சுதந்திர தினக் கொடிக்கயிற்றைத் தொட ஒரு ஊராட்சித் தலைவருக்கு ஆட்சியரின் துணை தேவைப்பட்டது.

அந்தத் தலைவர் நாற்காலிக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. மதுரை மாவட்டம் மேலூர் அருகே மேலவளவு ஊராட்சி 1996-இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் தேர்தல் தடைபட்டது, வாக்குப்பெட்டிகள் சூறையாடப்பட்டன. கடைசியில் டிசம்பர் 31 அன்று போலீஸ் பாதுகாப்போடு வாக்குப்பதிவு நடந்து, முருகேசன் தலைவரானார். ஆறே மாதம். 1997 ஜூன் 30 அன்று ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு ஊருக்குப் பேருந்தில் திரும்பியவரை வழிமறித்து வெட்டினார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேரின் உயிர் போனது. முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் வீசினார்கள். 17 பேருக்கு 2001-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை அது உறுதியானது. ஆனாலும் 2019 நவம்பரில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

இதேபோல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் எந்தத் தேர்தலும் நிலைக்கவில்லை. வேட்புமனு போட ஆளிருக்காது. போட்டு ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.

ஒரு பிரசிடெண்ட் பதவிக்கு ஏன் இத்தனை வன்மம்? குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில், தெருவிளக்கு எங்கே, வரிப்பணம் எதற்கு என்பதையெல்லாம் முடிவு செய்யும் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். காலங்காலமாகக் கைகட்டி நிற்க வேண்டியவர் என்று ஊர் நினைத்தவரிடம் கையெழுத்துக்காகப் போய் நிற்பதை ஆதிக்க மனம் ஏற்க மறுக்கிறது. வெட்டரிவாள் இல்லாமலும் அவரை முடக்க வழி இருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் ஊரில் ஒரு மோட்டாரைக்கூடப் பழுது பார்க்க முடியாது. கடைசியில் "இவரு வந்தாரு, ஒரு வேலையும் நடக்கலை" என்ற பழியும் தலைவர் மீதே விழும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பட்டியலின ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அப்படியிருந்தும், சுதந்திர தினத்தில் பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஒவ்வொரு அவமானத்துக்கும் ஒரு புகைப்படம் கிடைக்காது. அதனால் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊர்த் தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் நின்றுகொண்டிருந்தால், எல்லோர் முன்னாலும் எழுந்து அவருக்கு ஒரு நாற்காலி கேளுங்கள். முருகேசன் உயிரைக் கொடுத்தது அந்த நாற்காலிக்காகத்தான்.