பார்த்தாலே இளகும் நாப்

கேஸ் அடுப்பின் நாப் லேசாகக் கை பட்டால் திறந்துகொள்ளாது. அழுத்தித் திருக வேண்டும். மூடியே கிடப்பதுதான் அதன் இயல்பு. சமைப்பவர் கேட்கும்போது, கேட்ட பர்னருக்கு மட்டும் வழிவிடும். மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத்திரள்களுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். கையும் காலும் தம்பாட்டுக்கு ஆடாமல் அடக்கி வைத்து, வேண்டிய அசைவை மட்டும் திறந்துவிடும்.

நாப் லகுவாகத் திரும்ப உள்ளே கிரீஸ் வேண்டும். மூளைக்கு அந்த கிரீஸ் டோபமைன். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயில், டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நாப் இறுகிவிடுகிறது. கேஸ் இருக்கிறது, சமைக்கும் எண்ணமும் இருக்கிறது, திருகத்தான் முடியவில்லை. நடக்கப் புறப்பட்டவர் வாசற்படியில் பாதம் எழாமல் நின்றுவிடுவதற்குத் தசையில் பலமில்லாதது காரணமல்ல.

இறுக்கத்தை அளக்கவும் முடியும். அசையாமல் இருக்கும்போது, அசைவை ஆளும் மூளைப் பகுதிகளில் நொடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கும் பீட்டா அலை ஓங்கியிருக்கும். அசையத் தொடங்கினால் தணியும். பார்க்கின்சன் நோயாளிகளின் அடித்தளத் திரள்களில் அது அளவுக்கு மீறி இருக்கிறது. இந்நோய்க்கான லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது குறைகிறது.

இனிதான் விஷயமே. அடுத்தவர் திருகுவதைப் பார்த்தாலும் நம் நாப் சற்று இளகுகிறது. 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ஜாகோமோ ரிசோலாட்டி குழு குரங்கின் மூளையில் இதற்கான தடயத்தைக் கண்டது. குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போது இயங்கிய அதே நியூரான்கள், மனிதர் எடுப்பதை அது பார்த்தபோதும் இயங்கின. பின்னாளில் அந்த 'கண்ணாடி நியூரான்'களுக்குக் கிடைத்த புகழில் பாதி மிகை என்பேன். மொழி, இரக்கம் என்று எல்லாவற்றையும் அவற்றின் கணக்கில் எழுதினார்கள். ஆனால் பார்த்தாலே நாப் இளகும் என்பதற்குப் பார்க்கின்சன் நோயில் நேரடிச் சான்றே உண்டு. சிகிச்சைக்காக ஆழ்மூளையில் மின்முனை பொருத்தப்பட்டவர்கள் பிறர் கை அசைவதைப் பார்த்தபோது, அந்த ஆழத்திலேயே பீட்டா தணிந்தது. அவர்கள் கை அசையவில்லை. நாப் இளகியதே தவிர, அடுப்பு பற்றவில்லை.

இளகிய நேரத்தில் திருகிவிட்டால்? ஜெனோவா ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று அதைத்தான் சோதித்தது. நடை உறையும் நோயாளிகளில் ஒரு குழு, அதைச் சமாளிக்கும் அசைவுகளை வீடியோவில் பார்த்தது. இன்னொரு குழு இயற்கைக் காட்சிப் படங்களைப் பார்த்தது. பிறகு இரு குழுவுக்கும் ஒரே நடைப்பயிற்சி, 4 வாரம். பயிற்சி நின்ற பிறகும் பலன் தங்கியது அசைவைப் பார்த்தவர்களிடம்தான்.

ஆகவே, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. பார்த்த கையோடு செய்து பழக வேண்டும். மாத்திரையை நிறுத்தவும் கூடாது. வீட்டில் இந்த நோய் உள்ளவர் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். பக்கத்தில் நின்று ஓர் அடி எடுத்து வைத்துக் காட்டிப் பாருங்கள். எந்த அசைவை, எப்படிக் காட்டுவது என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.