பாம்புக்குக் கூண்டு அமைக்கும் முன்



பாம்பை வீட்டில் வைத்து வளர்ப்பது பற்றியும் ஒரு பேச்சா என்று நம் தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். நியாயந்தான். பால் வெட்டிய காலத்திலும் சரி, செம்பனைக் குலை அறுக்கும் காலத்திலும் சரி, பாம்பைக் கண்டால் பாராங்கைத் தேடியே பழகியவர்கள் நாம். ஆனால் தோட்டத்தை விட்டுச் செபராங் ஜெயாவின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், இன்று கடையில் காசு கொடுத்தே பாம்பு வாங்கி வருகிறார்கள். வந்துவிட்ட உயிர் சாகாமல் இருக்க வழி சொல்வது நம் கடமை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். மேற்குப் பார்த்த ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி, மேலே சூடு தரும் விளக்கு, அடியில் சூடு தரும் விரிப்பு. வெளிநாட்டுக்காரர்கள் சொன்னபடியே பையன் எல்லாவற்றையும் செய்திருந்தான். நான்காம் நாள் வேலை விட்டு வந்து பார்த்தால், பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு செத்துக் கிடந்தது. பாம்பென்றாலே நடுங்கும் அவன் தாயார்தான் அதிகம் அழுதார். “வாயில்லா ஜீவனை வேக வச்சிட்டோமேடா” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை.

நம் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது, வெயிலானால் வியர்க்கிறோம். பாம்புக்கு அந்த வசதி இல்லை. சூடு வேண்டுமானால் சூடான இடத்துக்கும், குளிர்ச்சி வேண்டுமானால் நிழலுக்கும் ஊர்ந்து போகவேண்டும். காட்டில் போக இடம் உண்டு. பெட்டிக்குள் நாம் இடம் விட்டால்தான் உண்டு. கண்ணாடித் தொட்டியில் வெயில் விழுந்தால் சூடு உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளிர்நாட்டார் எழுதும் குறிப்புகளில் முதல் பாடமே சூடேற்றுவதுதான். அங்கே அது சரி. பினாங்கில் பகலில் 31, 32 பாகை செல்சியஸ் வரை சாதாரணமாகவே ஏறுகிறது. தகரக் கூரை வீட்டில் பிற்பகலில் அதற்கும் மேலே போகும். ஆகவே இங்கே முதலில் வாங்க வேண்டியது விளக்கு அல்ல, வெப்பமானி. பாம்பு வருவதற்கு முன்பே மூன்று நாள், பெட்டி வைக்கப்போகும் இடத்தில் காலை, பிற்பகல் மூன்று மணி, நள்ளிரவு என்று பார்த்து எழுதி வையுங்கள்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். நஞ்சில்லாதது, வளர்ந்தாலும் மூன்று முதல் ஐந்து அடிதான். எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கி வாழ்வது. அதற்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகையும் மறு பக்கம் 26, 27 பாகையும் இருந்தால் போதும். நம் வீடுகளில் குளிர்ந்த பக்கத்தை உண்டாக்குவதுதான் கடினம். வெயில் படாத சுவரோரம், தரைக்குச் சற்று மேலே வையுங்கள். குளிர்சாதனம் ஓடும் அறையானால் ஒரு பக்கத்தின் அடியில் மட்டும் சூட்டு விரிப்பு தேவைப்படும். சூட்டைத் தானே நிறுத்தும் கருவி இல்லாமல் அதை வைக்கவே கூடாது.

வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரப் பெட்டி வேண்டும். குட்டிக்கு இரண்டடிப் பெட்டி போதும். மூடிக்குத் தாழ்ப்பாள் அவசியம். தலை நுழையும் இடுக்கில் உடலும் நுழைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். ஒன்றே ஒன்று வைத்தால், பாம்பு பயத்தினால் சூட்டையும் பொறுத்துக்கொண்டு அதற்குள்ளேயே கிடக்கும். சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலில் கிளைகளில் தொங்கும் விரியன்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மரத்தில் வாழ்பவை. அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பாம்புக்கும் கிளை நட்டு வைப்பதில் பயனில்லை.

தரைக்கு முதல் சில வாரம் பழைய செய்தித்தாள் போதும். கழிவும் உண்ணியும் உடனே தெரியும். பிறகு தேங்காய் நார்த்தூள் போடலாம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பக்கவாட்டில் காற்றுத் துளைகள் வேண்டும். தரை நசநசவென்று ஈரமாகவே கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். குளிர்சாதன அறையில் இதற்கு நேர்மாறு: காற்று வறண்டு, சட்டை துண்டு துண்டாக உரியும். அங்கே ஈரத்துணி விரித்த டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள்.

எறும்பைப் பற்றிக் குளிர்நாட்டார் அதிகம் கவலைப்படுவதில்லை. நமக்கோ அது பெரிய தொல்லை. லயத்து வீடுகளில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவோமே, அதே உபாயம் இங்கும் பலிக்கும். பூச்சிமருந்தை மட்டும் அடிக்காதீர்கள், பாம்புக்கும் அது விஷம். டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்கும் நாளில் பெட்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இரை விஷயத்தில் தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. செம்பனைக் காட்டில் எலி ஏராளம், பிடித்துப் போட்டால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அங்கே எலிமருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் பாம்பும் சாகலாம். பிடிக்கும் மனிதருக்கோ எலிக்காய்ச்சல் வரலாம். கடையில் உறையவைத்து விற்கும் எலியை வாங்கி, நன்றாக உருகவிட்டுக் கொடுங்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும்.

வாங்கும் முன் சட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கடைக்காரர் சொல்வதோடு விடாமல் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரியுங்கள். செம்பனை மட்டைக்கடியில் கிடைக்கும் மலைப்பாம்புக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த இனம் இருபதடிக்கு மேலும் வளரக்கூடியது. தோட்டத்தில் இருந்தாலோ எலியைத் தின்று நமக்கு உதவும். வீட்டருகே பாம்பு வந்துவிட்டால் 999 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

அந்தப் பையன் சில மாதம் கழித்து, உரிமத்தை விசாரித்துக்கொண்டு, இன்னொரு பாம்பு வாங்கினான். இம்முறை பெட்டி உள்சுவரோரம் இருந்தது. கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தது தாயார்தான். முதல் வாரம் முழுவதும் யாரும் தொடவில்லை, இரையும் வைக்கவில்லை. எட்டாம் நாள் வைத்த எலியை அது சீண்டவில்லை. பையன் பதறிப்போய் எங்களைக் கேட்டான். புது இடத்தில் இது வழக்கம். எடுத்து எறிந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இருட்டிய பிறகு மறுபடி வைக்கச் சொன்னோம். அன்று தின்றது. தின்றபின் இரண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவே விடக்கூடாது. பாம்பின் கழிவிலுள்ள கிருமி அவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.