பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது

பதுளை வெலேகடைப் பழைய சந்தைக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வாப்பாவின் நினைவு வரும். தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரம்தான் டவுனில் வியாபாரம் என்பார் அவர்.

பிரித்தானியர் காலத்து அக்கட்டடம் இன்று பாதுகாக்கப்பட்ட தொல்பொருள் சின்னம். ஆனால் சட்டம் இடிப்பதைத் தடுக்குமே தவிர, மழையைத் தடுக்காது. ஆள் புழங்காத கட்டடத்தில் அடைத்த பீலியையும் நழுவிய ஓடுகளையும் யாரும் கவனிப்பதில்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உதிரும்.

கொழும்பு கோட்டையின் ஒல்லாந்தர் வைத்தியசாலை 2011இல் கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டு உயிர் பெற்றது. ஆனால் உல்லாசப் பயணிகளை நம்பும் அந்த வழி பதுளைக்குப் பொருந்தாது. இங்கே தோட்டத்துப் பெண்கள் மரக்கறி விற்கவும் சிறு வியாபாரிகள் கடை போடவும் இடம் வேண்டும். சந்தையாகப் பிறந்தது சந்தையாகவே வாழட்டும்.