பழைய சைக்கிளைச் செப்பனிடுதலும் மாற்றியமைத்தலும்

நம் நாட்டில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் புனே. நம்மவரிற் பலர் இன்றும் பூனா என்றே சொல்லிவரும் இந்நகரில், 1950-களிலும் 60-களிலும் காலைத் தெருவை நிறைத்துச் சென்றவை சைக்கிள்களே. கல்லூரி ஆசிரியரும் கணக்கு அலுவலரும் ஆலைத் தொழிலாளரும் பால்காரரும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கறுப்பு வண்டியில் அடுத்தடுத்துச் சென்ற காட்சியை முதியோர் இன்னும் மறக்கவில்லை. நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் சமநிலம். வெயிலும் சென்னையைப்போல் கொளுத்துவதில்லை. போகவேண்டிய தொலைவும் அந்நாளில் அதிகமில்லை. பின்னர் நகரை ஒட்டிய ஆகுர்டியிலேயே ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. 1972-இல் சேதக் ஸ்கூட்டர் வந்தது. சைக்கிள்கள் ஒவ்வொன்றாக மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கின.

அவ்வாறு ஒதுங்கியவற்றுள் தமிழ்க் குடும்பங்களின் வண்டிகளும் பல உண்டு. கிர்க்கீ வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும், தேஹு ரோடு படைக்கலக் கிடங்குக்கும், 1954-இல் தொடங்கிய பிம்ப்ரி ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்த நம்மவர், முதற் சில மாதச் சம்பளத்தில் வாங்கிய பெரும் சொத்து அநேகமாகச் சைக்கிளாகத்தான் இருந்திருக்கும். அந்த வண்டியின் கழுத்தில் பதித்துள்ள தகட்டைத் துடைத்துப் பார்த்தால், ஹெர்குலிஸ் என்றோ பிலிப்ஸ் என்றோ பெயர் தெரியலாம். அப்படியாயின், அது சென்னைக்கு அருகே அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் உருவானதாக இருக்கக்கூடும். உடையவரைப்போலவே வண்டியும் ஊரைவிட்டு வந்து இங்கே நிலைத்தது எனலாம். ராலே என்றிருந்தால் வங்காளத்து ஆசன்சோல், அட்லஸ் என்றிருந்தால் அரியானாவின் சோனிபட், ஹீரோ என்றிருந்தால் பஞ்சாபின் லூதியானா என்று பிறந்த ஊரை ஊகிக்கலாம்.

இவ்வண்டியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டால் தராசில் சுமார் 20 கிலோ நிற்கும். அதற்கான விலையே கிடைக்கும். வாங்கியவர் இன்று எழுபதைத் தாண்டிய பெரியவராக அதே வீட்டில் இருப்பார். அவர் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தராசில் ஏற்றுவதற்கு முன், வீட்டிலேயே அதைச் செப்பனிட முடியுமா என்று ஒருமுறை ஆராய்வது தகும். முடியும் என்பதே நம் கருத்து. ஆயினும் எதைச் செப்பனிடுவது, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முதலில் தெளிந்துகொள்ளவேண்டும்.

இத்தெளிவுக்கு ஓர் உதவி புனேயிலேயே இருக்கிறது. கர்வே நகரில் விக்ரம் பெண்ட்சே என்பவர் தாம் திரட்டிச் செப்பனிட்ட பழைய சைக்கிள்களை வைத்து 2017-இல் ஒரு காட்சிசாலை திறந்தார். இரண்டாம் உலகப் போரில் வான்குடை வீரர்களுக்கென்று பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மடக்குச் சைக்கிள் அத்தொகுப்பில் புகழ்பெற்றது. நடுவில் இரண்டு காதுத் திருகுகளைத் தளர்த்தினால் சட்டமே இரண்டாக மடிந்துவிடும். இத்தகைய வண்டியில் துளையிடுவதும் அறுப்பதும் புது வண்ணம் பூசுவதும் அறியாமையாகும். உங்கள் வீட்டு வண்டி இங்கிலாந்தில் செய்யப்பட்டதாயும், பழைய பாகங்கள் குறையாமலும் இருப்பின், துடைத்து எண்ணெயிட்டு அப்படியே காப்பாற்றுங்கள். இலட்சக்கணக்கில் செய்து விற்கப்பட்ட பிற்கால இந்திய வண்டி எனில் துணிந்து கைவைக்கலாம்.

முதற் சோதனை சட்டத்துக்கு. குழாய்கள் கூடும் மூட்டுகளைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வண்ணத்தின்மேல் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். பெடல் அச்சு செல்லும் குழாயின் அடிப்புறத்தில் மழைநீர் தங்கித் துரு தின்றிருக்கும். திருப்புளியால் அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பார்க்கவேண்டும். முன்புறக் கவை வளைந்திருந்தாலும், மூட்டு விரிசல் விட்டிருந்தாலும் அவ்வண்டியை மனிதர் ஏறும் வண்டியாக எண்ணாதீர்கள். மற்றெந்தப் பழுதும் தீர்க்கக்கூடியதே.

அடுத்தது, நம் ஊர்க் கடைக்காரர் ஓவராயில் என்று சொல்வாரே, அந்த வேலை. பாகங்களைக் கழற்றிக் கழுவி, குண்டுகளை மாற்றி, மீண்டும் பூட்டுவது. கழுவுவதற்கு முன்பெல்லாம் மண்ணெண்ணெய் பயன்பட்டது; அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. டீசல் போதும், ஆனால் திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் செய்யவேண்டும். குண்டுகளைப் பழையனவும் புதியனவுமாகக் கலக்காமல் முழுத் தொகுதியாக மாற்றுங்கள். இங்கே நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு: எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுவது. மார்கழியில் புனேயின் குளிர் நம் ஊர்க் குளிரன்று. தலைக்கு வைக்கும் எண்ணெய் புட்டியிலேயே உறைந்து நிற்பதை இல்லத்தரசிகள் அறிவர். செயினிலும் அச்சிலும் அது அவ்வாறே நிற்கும். குண்டுகளுக்குக் கிரீஸ், செயினுக்குச் சைக்கிள் எண்ணெய் என்பதே முறை.

கழற்றும்போது இரண்டு இடங்களில் பலர் இடறுவர். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருகினால்தான் அது கழலும். தெரியாமல் மறுபக்கம் மிதித்து இறுக்குவோர் மரையையே கெடுத்துவிடுவர். மற்றோர் இடம் காட்டர் பின். பெடல் கரத்தை அச்சோடு பிணைக்கும் ஆப்பு இது. ஒருபக்கம் சரிவாகச் சீவியிருக்கும். நட்டைத் தளர்த்திவிட்டுச் சுத்தியால் அடித்தால் அடி முழுவதும் உள்ளிருக்கும் குண்டுகளின்மேல் விழும். ஆதலால் பெடல் கரத்தின் அடியில் தரைவரை எட்டும் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, அதன்பின் ஒரே உறுதியான அடி கொடுக்கவேண்டும். நட்டை முழுவதும் கழற்றாமல் மரையின் நுனியோடு சமமாக நிறுத்திக்கொண்டால் நுனி நசுங்காது. திரும்பப் பூட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்ப் புறமாக நுழையவேண்டும்; ஒரே புறமாக நுழைத்தால் பெடல் கரங்கள் நேர்க்கோட்டில் நில்லா.

உதிரிப் பாகங்களுக்கு நானா பேட்டைக் கடைகளை நாடலாம். புதுச் சரக்கில் கிடைக்காதது புதனும் ஞாயிறும் கூடும் வழக்கமுடைய ஜூனா பாஜாரில் சிலவேளை அகப்படும். மராத்தி தெரியாதே என்று தயங்கவேண்டாம். அவர்கள் சாகளி என்பது நம் சங்கிலிதான். சாக் என்பது சக்கரம். காற்றுக்கு ஹவா என்றால் எந்தத் தெருமுனையிலும் பம்பு வரும்.

இனி மாற்றங்கள். செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் பின்சக்கரப் பற்சக்கரத்தை மாற்றுவது. கணக்கு எளிது. முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள வண்டியில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் 28 அங்குலச் சக்கரம் சுமார் ஐந்தரை மீட்டர் ஓடும். பின்னே 22 பல் உள்ள பிரீ வீலைப் பூட்டினால் அதே சுற்றுக்கு நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும். வேகம் அந்த அளவு குறையும். மிதிக்கும் பாரமும் அந்த அளவு குறையும். பழைய நகரப் பகுதிக்குள் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால் நகரம் இன்று குன்றுகளின்மேல் ஏறிவிட்டது. கத்ரஜ் பக்கமோ சாந்தனி சௌக்கை நோக்கியோ செல்பவருக்கு, இறங்கித் தள்ளுவதா ஏறி மிதிப்பதா என்பதை இந்த நான்கு பற்களே முடிவுசெய்யும். செயினில் சுமார் ஓர் அங்குலம் கூட்டவேண்டியிருக்கும். வயது முதிர்ந்தவருக்காகச் செப்பனிடும் வண்டியில் இம்மாற்றத்தைக் கட்டாயம் செய்யுங்கள். சீட்டையும் தரையில் பாதம் படியும் உயரத்துக்கு இறக்கிவையுங்கள்.

பிரேக்கைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பழைய வண்டிகளில் இருப்பது கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ரப்பர்க் கட்டைகளை இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். உலர்ந்த நாளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ரிம் எஃகு. அதன்மேல் பூச்சும் வழவழப்பானது. நனைந்த எஃகில் ரப்பர் பிடிப்பதில்லை. பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் தூரம் பலமடங்கு நீண்டுவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை பொழியும் ஊரில், அக்காலத்தை விடப் பன்மடங்கு மோட்டார் வண்டிகள் ஓடும் சாலையில், இது சிறு குறையன்று. அந்நாளில் எல்லாரும் இதனோடுதானே ஓட்டினர் என்று கேட்கலாம். அந்நாளில் முன்னால் சென்றதும் பின்னால் வந்ததும் சைக்கிள்.

எனவே ரப்பர்க் கட்டைகளைப் புதிதாக மாற்றுவதும், ரிம்மின் உட்புறத்தைத் துருவின்றித் தேய்ப்பதும், சக்கரத்தின் கோட்டம் எடுப்பதும் முதற்படி. கோட்டம் உள்ள சக்கரத்தில் கட்டை ஒருபக்கம் உரசும், மறுபக்கம் தொடாது. மழையிலும் ஓட்டப்போகிறவர் இன்னும் ஒருபடி செல்லவேண்டும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் பொருத்துவது ஒரு வழி. அது ஈரம் படாமல் மூடிய கூட்டுக்குள் வேலைசெய்வது. அலுமினிய ரிம்முக்கு மாறுவது மற்றொரு வழி. பழைய 28 அங்குல டயர் அமரும் வட்டம் 635 மில்லிமீட்டர். இன்று எங்கும் கிடைக்கும் 700 சி ரிம்மின் வட்டம் 622. ஆரத்தில் வேறுபாடு ஆறரை மில்லிமீட்டர்தான். ஆகவே சட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் பழைய கம்பி பிரேக் இதற்கு உதவாது. நீண்ட கரமுடைய கேலிப்பர் பிரேக் வேண்டும். சக்கரம் பின்னுவது பழகிய கைக்குரிய வேலை. அதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுவது நன்று.

இக்காலத்து இளைஞர் பெரிதும் விரும்புவது மின்மோட்டார் பொருத்துவது. சக்கரத்தின் நடுவே அமரும் மோட்டார், மின்கலம், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை ஒரே தொகுப்பாக விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் சொல்லாத செய்திகள் சில உள. மோட்டாரில் கம்பி கோக்கும் துளைகள் பெரும்பாலும் 36. நம் பழைய வண்டியின் முன்ரிம்மில் 32, பின்ரிம்மில் 40. ஆகவே பழைய ரிம் பொருந்தாது. மோட்டாரின் அச்சு பருத்தது; பழைய கவையின் பிளவு குறுகியது. அரத்தால் விரிக்கும்போது இரும்பு மெலியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அதன் அச்சு பின்னோக்கித் திரும்ப முயலும். அதைத் தடுக்கும் டார்க் ஆர்ம் என்னும் பிடிகரத்தைப் பூட்டாமல் ஓட்டினால் அச்சு கவையைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலம், காலாலும் மிதித்துவரின் முப்பது கிலோமீட்டர் அளவுக்குத் துணைநிற்கும். அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவு முழுவதும் இணைத்துவிட்டு உறங்கவேண்டாம். வீட்டுக்கு வெளியேறும் ஒரே வழியான மாடிப்படியில் வைத்து மின்னேற்றம் செய்யவே வேண்டாம்.

சட்டமும் ஒன்றுண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மின்துணைச் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாமலிருக்க, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குள் இருக்கவேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது அதன் துணை நின்றுவிடவேண்டும். மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. தக்க பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளித்திருப்பிகளும் வேண்டுமென்று அவ்விதியே கூறுகிறது. இத்தகைய வாகனங்களைச் சோதித்துச் சான்று வழங்கும் அமைப்புகளுள் ஒன்றான ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் புனேயிலேயே இருந்துவருகிறது. கூடுதல் ஆற்றலுள்ள மோட்டாரைச் சந்தையில் விற்கிறார்கள் என்பதற்காக வாங்கிப் பொருத்தினால், பதிவும் காப்புறுதியும் ஓட்டுநர் உரிமமும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுபவராகவே நீங்கள் கருதப்படுவீர்கள். பிரேக்கை மாற்றாமல் மோட்டாரை மட்டும் பொருத்துவதை நாம் ஒருபோதும் பரிந்துரையோம்.

கழற்றிய பழைய பாகங்களை எறியவேண்டாம். ஒரு சாக்குப் பையில் இட்டுக் கட்டிவையுங்கள். வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப விரும்பும் பேரனுக்கு அவை உதவும். செப்பனிட்ட வண்டியின் முதல் ஓட்டத்தை ஞாயிறு விடியற்காலையில், சரிவில்லாத தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டர் ஓடியதும் காட்டர் பின்களின் நட்டை மறுபடி இறுக்குங்கள்; புதிய ஆப்பு மிதியின் பாரத்தில் சற்று உள்ளிறங்கியிருக்கும். ஒரு வாரம் கழித்துக் கம்பிகளையும் ஒருமுறை விரலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பி மற்றவற்றைவிடத் தணிந்த ஓசை தரும்.