நீர் போகும் வழி

உத்தியோக நிமித்தமாக இங்கிலாந்தில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தமக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க உத்தேசித்திருக்கிறார். மாஸ்டா கம்பெனியின் எம்எக்ஸ்-5 என்னும் இரண்டு ஆசன வண்டியைத்தான் வாங்குவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விற்பனைக் கூடத்தில் பளபளவென்று நிற்கும் நான்காம் தலைமுறைப் புது வண்டியை வாங்குவதா, அல்லது முப்பது வருஷங்களுக்கு முன் ஜப்பானில் செய்யப்பட்டு, மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும் முதல் தலைமுறை வண்டியை வாங்கிச் செப்பனிட்டுக் கொள்வதா என்று தூக்கம் கெட்டு யோசிக்கிறாராம். "பழைய வண்டியின் மேல்தான் மனசு போகிறது, அது என்னை ஏமாற்றிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

இந்த வண்டியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாளாகக் காத்திருந்தவன் நான். ஆகையால் அவருக்கு எழுத நினைத்த பதிலைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது, கியர் எதற்கு என்பவையெல்லாம் இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் அறிந்த விஷயங்கள். அவற்றை விட்டுவிட்டு இந்த வண்டி பிறந்த கதைக்கு வருகிறேன். கூரை திறந்த, இலேசான, விலை மிதமான சிறு வண்டிகளைச் செய்வதில் ஒரு காலத்தில் இங்கிலாந்து தேசம்தான் பேர் பெற்றிருந்தது. 1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலானையும், எம்ஜி, டிரயம்ப் கம்பெனிகளின் வண்டிகளையும் ஓட்டி மகிழ்ந்தவர்கள், அவற்றின் எண்ணெய்க் கசிவையும் மின்சாரக் கோளாறுகளையும் வீட்டுப் பிள்ளையின் குறும்பைப் போலப் பொறுத்துக்கொண்டார்கள். 1980-இல் எம்ஜி பி வண்டியின் உற்பத்தியும் நின்றபோது அந்தப் பரம்பரை ஏறக்குறைய அற்றுப்போயிற்று என்றே தோன்றியது. அதற்கு முந்தின வருஷம் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் எஞ்சினியர்களில் தலைசிறந்தவரான கெனிச்சி யாமமோட்டோவிடம், அப்படிப்பட்ட இலேசான வண்டியொன்றை நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். பின்னர் ஹால் அந்தக் கம்பெனியிலேயே சேர்ந்தார். யாமமோட்டோ அதன் தலைவரானார். தோஷிஹிகோ ஹிராய் என்பவர் பொறுப்பேற்று உருவாக்கிய வண்டி, 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தார் கண்ணில் பட்டது.

அதன் எஞ்சின் 1.6 லிட்டர்தான், சக்தி சுமார் 115 குதிரைகள், எடை ஏறத்தாழ 950 கிலோ. வேகத்துக்கென்றே செய்யப்பட்ட பெரிய வண்டிகளின் பக்கத்தில் வைத்தால் இவை அற்பமான எண்கள். ஆனால் எடையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கிட்டு, கியர்ப்பெட்டியையும் பின்னச்சின் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் முதுகெலும்பு போல இறுக்கிப் பிணைத்து வைத்ததனால், காலால் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தியதும் அந்த அசைவு தடுமாற்றமில்லாமல் பின் சக்கரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடலாவது என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை ஜப்பானியர்கள் தங்கள் குறிக்கோளாக வைத்துக்கொண்டார்கள். ஒரு முறை சிநேகிதர் ஒருவரின் வண்டியில் மலைப்பாதையொன்றில் பிரயாணம் செய்தபோது, வளைவுக்கு வளைவு அவர் கையின் எண்ணம் சக்கரத்தின் செயலாக மாறுவதை உணர்ந்து, நானே ஓட்டுவதாக எண்ணிக்கொண்டு வெறும் தரையில் காலை அழுத்திக்கொண்டிருந்தேன். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஆலையைவிட்டு வெளிவந்தது என்றால், அந்தச் சுகத்தை நாடியவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளலாம்.

புதிது, பழையது என்ற தராசில் வழக்கமாக வைக்கப்படும் விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். புது வண்டியில் காற்றுப்பைகளும், திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடும், வழுக்கினால் தானாகவே வண்டியை நிலைப்படுத்தும் கருவியும் உண்டு. முதல் தலைமுறையின் ஆரம்ப வண்டிகள் பலவற்றில் இவற்றில் ஒன்றும் கிடையாது. புதிதற்கு உத்தரவாதம் உண்டு. வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. பழைய எஞ்சினில் அந்த வேலையை ஒரு ரப்பர் பெல்ட் செய்கிறது; சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை அதை மாற்றியாக வேண்டும். ஆனால் புது வண்டியின் மதிப்பு முதல் சில வருஷங்களில் மளமளவென்று சரிகிறது. நன்றாகக் காப்பாற்றப்பட்ட பழைய வண்டியோ அந்தச் சரிவையெல்லாம் முன்பே கடந்து வந்துவிட்டது. இவ்வளவையும் வாசகரே அறிந்திருப்பார். அவர் அறியாத ஒன்றைச் சொல்லவே எனக்கு ஆவல்.

அந்த வண்டியில் ஆசனங்களுக்குப் பின்னால், துணிக்கூரை உடலோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துவாரங்கள் இருக்கின்றன. விரல் நுழையும் அளவுதான். விற்பவர் காட்டமாட்டார், வாங்குகிறவரும் தேடமாட்டார். மழை பெய்யும்போது கூரைத் துணியில் வழியும் நீர் அடிவிளிம்பில் உள்ள ஒரு வாய்க்காலில் விழுந்து, அந்தத் துவாரங்களில் இறங்கி, குழாய் வழியாகச் சென்று, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் கொட்டிவிடும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் சருகும் தூசியும் சேர்ந்து ஒரு நாள் அந்தத் துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன. வழி அடைபட்ட நீர் உள்ளே நிரம்பி, ஆசனத்தடிக் கம்பளத்தை நனைக்கிறது. கதவுக்குக் கீழே இரு பக்கமும் நீளமாக ஓடும் பெட்டி போன்ற இரும்புச் சட்டத்துக்குள்ளும் இறங்கித் தங்கிவிடுகிறது. 'சில்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தச் சட்டம், கூரையில்லாத வண்டிக்கு எலும்பைப் போன்றது. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்க, தேங்கிய நீர் உள்ளிருந்து அரிக்க, மேலே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே அந்த எலும்பு உளுத்துப்போகிறது.

எங்கள் தாத்தாவின் வீடு திருவையாற்றுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்தது. நாற்புறமும் தாழ்வாரமும் நடுவே முற்றமுமாகக் கட்டிய பழைய ஓட்டு வீடு. நான்கு கூரைகளின் மழைநீரும் முற்றத்தில் விழுந்து, மூலையிலிருந்த ஜலதாரை வழியாகக் கொல்லைக்குப் போய்விடும். காலையில் ஸ்நானம் முடிந்ததும் தாத்தா செய்கிற முதல் காரியம், நீண்ட மூங்கில் குச்சி ஒன்றை அந்த ஜலதாரைக்குள் விட்டுத் துழாவி, ஒரு சொம்பு ஜலத்தை ஊற்றி, அது கொல்லைப் பக்கம் வந்து விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான். கோடையிலும் செய்வார். மழையே இல்லாத நாளில் இது எதற்கு என்று சிறுவனாகிய நான் கேட்டதற்கு, "மழை வந்தப்புறம் குத்தினா அது அவசரம்டா, வராதப்போ குத்தினாத்தான் அது குடித்தனம்" என்றார். அவர் காலமான பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் முற்றத்து நீர் தாழ்வாரம் வரை ஏறி நின்று, மேற்குச் சுவர் அடியோடு ஊறிச் சரிந்தது. பார்க்க வந்த கொத்தனார் ஜலதாரையிலிருந்து ஒரு கூடை வேப்பஞ்சருகை வாரிப் போட்டுவிட்டு, "மழையால விழலைங்க, அடைப்பால விழுந்துச்சு" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே பழைய வண்டியைப் பார்க்கப் போகும் வாசகர், எஞ்சினின் முழக்கத்தில் மயங்குவதற்கு முன், தரையில் மண்டியிட்டுப் பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள சட்டத்தின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்தால், இரும்பு இருக்குமிடத்தில் ஒட்டும். உளுத்த இடத்தைப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் நழுவும். ஆசனத்தடிக் கம்பளத்தைத் தூக்கிக் கையால் தடவி, ஈரமோ பூஞ்சை வாசனையோ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இங்கிலாந்தில் மூன்று வயது கடந்த வண்டிகள் வருஷந்தோறும் எம்ஓடி என்ற பரிசோதனையில் தேற வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு அதன் பழைய முடிவுகளை அரசாங்க வலைத்தளத்தில் எவரும் படிக்கலாம். சட்டத்தில் துரு என்று ஒரு வருஷம் எழுதி, அடுத்த வருஷமும் அதையே எழுதியிருந்தால், அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் இருந்தார், காப்பாற்றியவர் இல்லை என்று அறிந்துகொள்ளலாம். வண்டியின் ஜாதகம் அது.

இன்னொரு மயக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 'மிகக் குறைவாக ஓடியது; பத்து வருஷமாகக் கொட்டகையில் பத்திரமாக இருந்தது' என்று விளம்பரம் கண்டால் பலருக்கு நாவூறுகிறது. என் அத்தை தம் வீணைக்குப் பட்டுறை தைத்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பதினைந்து வருஷம் வாசிக்காமலே காப்பாற்றினார். பேத்தி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு எடுத்த அன்று தந்திகள் துருவேறி, மெட்டுக்களைத் தாங்கும் மெழுகு விண்டுபோயிருந்தது. மோட்டார் வண்டியின் நியாயமும் அதுதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி ஒப்புக்கொள்கிறது. மலையிறக்கத்தில் பிரேக் காயும்போது அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. டயரும் ஓடாமலே கிழடாகும். அதன் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கின்றன. 2309 என்றிருந்தால், வரிகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அது 2009-ஆம் வருஷத்து இருபத்துமூன்றாம் வாரத்துப் பண்டம். அதை நம்பி வளைவில் வேகம் எடுக்கலாகாது.

பிற்காலத்தில் விலை ஏறும் என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய வண்டிகளை வாங்கிப் பூட்டி வைக்கிற வழக்கம் பெருகிவருவது எனக்கு மெய்யாகவே துக்கம் தருகிறது. ஓடுவதற்கென்று எத்தனையோ பேர் இரவு பகலாக யோசித்துச் செய்த பொருளை நிற்க வைப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்று என்னால் எண்ண முடியவில்லை. முதல் தலைமுறை வண்டிகளைப் பிரித்துப் புதுப்பித்துத் தரும் ஏற்பாடொன்றை மாஸ்டா கம்பெனியே 2017-இல் ஜப்பானில் அறிவித்தது; நின்றுபோன துணிக்கூரையையும் பழைய மாதிரி டயரையும்கூட மறுபடியும் செய்வித்தது. தாங்கள் செய்தது இன்னும் சாலையில் இருக்க வேண்டும் என்று செய்தவர்களே விரும்புகிறார்கள். வாங்கினவர்களுக்கு அந்த விருப்பம் குறைவாக இருக்கலாமா?

இனி வாசகருக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். தினமும் வேலைக்குப் போக வர உங்களிடம் வேறு வண்டி இல்லையென்றால், உப்புச் சாலையிலும் இருட்டிலும் மழையிலும் இதையேதான் ஓட்டியாக வேண்டுமென்றால், புதியதை வாங்குங்கள். அதன் காற்றுப்பையும் பிரேக்கும் உங்கள் குடும்பத்துக்கு அவசியம். வேறு வண்டி இருந்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையை ஒதுக்க முடியுமென்றால், பழையதை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைச் சட்டத்துக்கும் பெல்ட்டுக்கும் டயருக்குமென்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். எதை வாங்கினாலும் அதை உங்களோடு முடிந்துபோகிற பொருளாக எண்ணாதீர்கள். நீங்கள் இன்று வாங்கும் புது வண்டி, இருபது வருஷத்துக்குப் பின் முகம் தெரியாத யாரோ ஒருவர் மண்டியிட்டுப் பார்க்கப்போகும் பழைய வண்டி. இன்று உங்களுக்கு ஒரு நல்ல பழைய வண்டி கிடைக்குமானால், முன்பிருந்த யாரோ ஒருவர் மழையில்லாத நாளிலும் அதைக் கவனித்திருக்கிறார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று கூரையைச் சற்று மடக்கி, அந்த இரண்டு துவாரங்களையும் தேடிக் கண்டுபிடியுங்கள். குழாய் கிழியாத மென்மையான கயிறொன்றை உள்ளே விட்டு மெல்லத் துழாவி, ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். பிறகு குனிந்து, பின் சக்கரத்துக்கு முன்னால் அது தரையில் விழும் சத்தத்தைக் கேளுங்கள்.