டாக்ஸி லைசென்ஸ் வரம்பை நீக்கிய டப்ளின்: யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

1990-களின் கடைசியில் அயர்லாந்து தலைநகர் டப்ளினில் வார இறுதி ராத்திரியில் டாக்ஸி பிடிப்பது பெரும்பாடு. வேலைவாய்ப்பு பெருகி, கையில் காசு புழங்கிய காலம் அது. ஆனால் ஸ்டாண்டில் நீண்ட வரிசை, வண்டிதான் வரவில்லை.

ஏன் வண்டி இல்லை?

டாக்ஸி எண்ணிக்கைக்கு 1978-ல் வரம்பு போட்டார்கள். அதன்பின் புதிய லைசென்ஸ் அத்திபூத்தாற்போலத்தான் வந்தது. 2000-ல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த டப்ளின் பகுதிக்கு இருந்தவை சுமார் 2,700 டாக்ஸிகள்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர், ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இதனால் அந்த ஒரு லைசென்ஸின் விலை சுமார் 80,000 ஐரிஷ் பவுண்டு வரை ஏறியது. வண்டியின் விலை தனி! பலர் கடன் வாங்கி வாங்கினார்கள். சிலர் அதையே ஓய்வுக்காலச் சேமிப்பாக நினைத்திருந்தார்கள்.

வரம்பு எப்படி உடைந்தது?

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கே இன்னொரு லைசென்ஸ் தரலாம் என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தெருவில் கைகாட்டி ஏற்றும் உரிமை இல்லாத வாடகை கார் ஓட்டுநர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். எண்ணிக்கைக்கு இப்படி வரம்பு போட அரசுக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லை என்று 2000 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த மாதமே கதவு முழுசாகத் திறந்தது. தகுதி உள்ள யாரும் 5,000 பவுண்டு கட்டி லைசென்ஸ் வாங்கலாம். சக்கர நாற்காலி ஏறும் வசதியுள்ள வண்டி என்றால் வெறும் 100 பவுண்டு.

ஓட்டுநர்கள் தெருக்களை மறித்துப் போராடினார்கள். பலன் இல்லை.

பயணிக்கு என்ன கிடைத்தது?

வண்டி கிடைத்தது. 2000-ல் நாடு முழுவதும் 4,000 சொச்சம் இருந்த டாக்ஸிகள், 2008-க்குள் நான்கு மடங்குக்கு மேல் பெருகின. காத்திருக்கும் நேரம் குறைந்தது.

கட்டணமும் சரசரவென்று இறங்கியதா என்றால், இல்லை. தெருவில் கைகாட்டும்போது நாலு வண்டியை நிறுத்தி ரேட் விசாரிக்க முடியாது. வருகிற முதல் வண்டியில் ஏறிவிடுவோம். அதனால்தான் எண்ணிக்கை வரம்பு போனபிறகும் மீட்டரையும் அதிகபட்சக் கட்டணத்தையும் அரசு கைவிடவில்லை. 2004-ல் டாக்ஸிக்கென்றே தனி ஒழுங்குமுறை ஆணையமும் வந்தது. 'கட்டுப்பாடு தளர்வு' என்றாலும் தளர்ந்தது எண்ணிக்கை மட்டும்தான்.

ஓட்டுநருக்கு?

சவாரி கூடியது, ஆனால் அதைவிட வேகமாக வண்டிகள் கூடின. பழைய வருமானத்தை எட்ட கூடுதல் நேரம் ஓட்ட வேண்டியிருந்தது. 2008-ல் பொருளாதாரம் சரிந்தபோது நிலைமை இன்னும் மோசம்.

பெரிய அடி, கடைசியாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்குத்தான். முதலில் வாங்கியவர் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். அவரிடம் கடன் வாங்கி வாங்கியவர் கையில், ஒரே ராத்திரியில், 5,000 பவுண்டுக்கு யாருக்கும் கிடைக்கிற காகிதம்! கடும் பாதிப்புக்கு ஆளானவர்களுக்கு அரசு பின்னர் கொடுத்த நிவாரணம் 3,000 முதல் 15,000 யூரோ வரைதான்.

இப்போது என்ன நிலை?

2010 ஜூனில் கதவு மறுபடி பாதி மூடியது. அன்று முதல் சக்கர நாற்காலி வசதியுள்ள வண்டிக்கு மட்டுமே புதிய டாக்ஸி லைசென்ஸ். முக்கியமாக, 2013-ல் வந்த சட்டம் லைசென்ஸைக் கைமாற்றத் தடை போட்டது. இனி அது தொழில் செய்வதற்கான அனுமதி மட்டுமே, விற்கிற சொத்து இல்லை. கொரோனாவுக்குப் பிறகு ராத்திரி டாக்ஸி கிடைக்கவில்லை என்ற பழைய புகார் மட்டும் திரும்ப வந்திருக்கிறது.

டப்ளின் கதை மட்டும்தானா?

நியூயார்க்கிலும் இதே வலி. அங்கே மஞ்சள் டாக்ஸி உரிமத்தின் விலை 2014 வாக்கில் 10 லட்சம் டாலரைத் தொட்டது. ஊபர் போன்ற ஆப் வண்டிகள் அந்த வரம்புக்கு வெளியே பெருகியதும், சில ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. கடனில் மூழ்கிய ஓட்டுநர்கள், அவர்களில் பலர் தெற்காசியர்கள், உண்ணாவிரதம் இருந்த பிறகே 2021-ல் கடன் குறைப்புக்கு வழி பிறந்தது.

வரம்பை எடுத்தது டப்ளின் பயணிகளுக்கு நல்லதுதான். ஆனால் அந்த வரம்பை நம்பிக் கடன் வாங்க வைத்ததும் அதே அரசின் விதிதான். அந்த விதியை மாற்றியதற்கான பில்லின் பெரும்பங்கு ஓட்டுநர் தலையில் விழுந்தது. ஒரு நகரம் டாக்ஸி விதிகளைத் தளர்த்துகிறது என்று செய்தி வந்தால், வண்டி கூடுமா என்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய விதியை நம்பிக் காசு போட்டவரின் கடனை யார் அடைப்பார் என்றும் கேளுங்கள்.